சுவருக்கு அடிக்கும் மருந்து யாருக்குக் காவல்?

"கேமரன் மலையில் கொசுவா? அங்கேதான் குளிர் நடுக்குமே!" என்று கேட்பவர்கள் பலர். ஸ்ட்ராபெரிப் பழமும் தேயிலைச் சரிவுகளும் பனிமூட்டமும் மட்டுமே அவர்கள் அறிந்த கேமரன் மலை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலேரியா என்பது தாத்தா காலத்துச் சங்கதி, அது கீழே ரப்பர் தோட்டத்தோடு முடிந்துபோன கதை என்பது நம் லயங்களில் நிலவும் பொதுவான எண்ணம்.

இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்தானது. கொசுவலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் நம் நாட்டில் மலேரியாவை எப்படி விரட்டின, அவை உண்மையில் யாரைக் காக்கின்றன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "என் வீட்டுக்கு வேண்டாம், வேறு வீட்டுக்கு அடித்துக்கொள்ளுங்கள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதற்கு இந்தப் புரியாமையே காரணம் என்பது என் கருத்து. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

குளிர் ஒரு வேலிதான், ஆனால் முழு வேலியல்ல

மலேரியாவைத் தருவது கொசு அல்ல. கொசுவின் வயிற்றில் வளரும் ஒட்டுண்ணி. அனாபிலிஸ் என்னும் பெண் கொசு நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கும்போது ஒட்டுண்ணியும் உள்ளே போகிறது. அது கொசுவின் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்தால்தான் அடுத்தவருக்குப் பரவும். இந்த வளர்ச்சிக்கு வெப்பம் வேண்டும். கொடிய வகையான பால்சிபாரம் ஒட்டுண்ணிக்கு 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 12 நாள் போதும். 20 டிகிரியில் நான்கு வாரம் வரை ஆகும். 18 டிகிரிக்கும் கீழே போனால் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே விடும். ஒட்டுண்ணி முதிர்வதற்குள் கொசுவே செத்துவிடுகிறது.

ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் சராசரி வெப்பநிலை 18 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெள்ளைக்காரர்கள் காய்ச்சலுக்குப் பயந்து மலை நகரங்களைத் தேடிப் போனதன் இரகசியம் இதுதான். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்த இந்த மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் காய்ச்சலில் வாடிய நம் மக்களோடு ஒப்பிட்டால் மலையேறி வந்தவர்கள் ஒரு வகையில் பாக்கியசாலிகள்தாம்.

ஆனால் மலை முழுவதும் தானா ராத்தா அல்ல. ரிங்லெட் அதைவிடத் தாழ்வானது. தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் வெயில் கூடிக்கொண்டே போகும். கிழக்கே லிப்பிஸ் மாவட்டத்துக் காடுகள் நம் மாவட்டத்தோடு ஒட்டியே கிடக்கின்றன. கொசு மலையேறாவிட்டாலும் மனிதர்கள் தினமும் ஏறி இறங்குகிறோம். டுரியான் காலத்தில் கீழே போகிறோம், ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறோம், பெத்தாய் பறிக்கக் காட்டோரம் போகிறோம். இரத்தத்தில் நோய் ஏறினால் அதுவும் நம்மோடு பேருந்தேறித் தோட்டத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் உள்ள மலைப்பகுதிகளை ஆராய்ந்து 2014இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெயில் அதிகமான ஆண்டுகளில் மலேரியா மேலும் உயரமான இடங்களுக்கு ஏறுகிறது என்பதே அதன் முடிவு. குளிர் என்னும் வேலி நாம் கட்டியதல்ல. அது தளர்ந்தால் சரிசெய்யவும் நம்மால் முடியாது.

காட்டை வெட்டியவன் காய்ச்சலில் விழுந்தான்

மலாயாவில் நம் முன்னோர் பட்ட துன்பங்களில் மலேரியாவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், கிள்ளானில் மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் மூடப்படும் நிலைக்கு வந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வெட்டித் துப்புரவாக்கி, வாய்க்கால் எடுத்து நீரை வடித்தார். நோய் வெகுவாகக் குறைந்தது.

அதே முறையை உள்நாட்டு மலைத்தோட்டங்களில் செய்தபோது பலன் இல்லை. காரணம் பின்னர்தான் தெரிந்தது. கரையோரத்துக் கொசு நிழலான சதுப்பு நீரில் முட்டையிடுவது. மலைச்சரிவின் அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டியபோது ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. காட்டை வெட்டிய கைகளே காய்ச்சலில் நடுங்கின. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கைகள்.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. ஓடைக்குத் தோட்டத்து எல்லை தெரியாது. ஒரு தோட்டம் தன் வாய்க்காலைச் சுத்தம் செய்து, பக்கத்துத் தோட்டம் சும்மா இருந்தால் இரண்டு தோட்டத்து லயங்களிலும் காய்ச்சல் தொடரும். மலேரியா ஒரு வீட்டு நோயாக என்றுமே இருந்ததில்லை.

கடித்த பிறகு சாகும் கொசு

இப்போது சுவருக்கு வருவோம். வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதற்கும் டிங்கிக் காய்ச்சலுக்காகப் புகை அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு நம்மில் பலருக்குத் தெரியாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. புகை என்பது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். புகை கலைந்ததும் அதன் வேலை முடிந்தது. சுவர் மருந்து அப்படியல்ல. அது சுவரில் படிந்து மாதக்கணக்கில் தங்குவது. டெல்டாமெத்ரின் மருந்து மூன்று முதல் ஆறு மாதம் வரை வேலை செய்யும். பழைய டி.டி.டி. மருந்து ஆறு மாதத்துக்கும் மேல் நின்றது.

அது எப்படி வேலை செய்கிறது? அனாபிலிஸ் கொசு இரவில் கடிக்கும். வயிறு நிறைய இரத்தம் குடித்ததும் அதனால் அதிகத் தூரம் பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். அப்போது மருந்து அதன் காலில் ஒட்டும், கொசு சாகும். இங்கேதான் நண்பர்களே, நாம் கவனிக்கத் தவறிய செய்தி இருக்கிறது. கொசு சாவது பெரும்பாலும் கடித்த பிறகு! என் வீட்டுச் சுவரில் மருந்து இருந்தாலும் என்னைக் கடிக்கவேண்டிய கொசு என்னைக் கடித்துவிட்டிருக்கக்கூடும். ஆனால் அது ஒட்டுண்ணி முதிரும்வரை உயிரோடு இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்க முடியாது.

என் சுவர் பக்கத்து வீட்டைக் காக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் என்னைக் காக்கிறது. இதுதான் கணக்கு. இதனால்தான் பரவல் உள்ள இடத்தில் நூற்றுக்கு எண்பது வீடுகளுக்காவது மருந்தடிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. இருபது வீடுள்ள லயத்தில் ஐந்து வீடுகள் மட்டும் கதவைத் திறந்தால், அந்த ஐந்து வீட்டாரின் சிரமம் ஏறத்தாழ வீண்தான்.

கொசுவலை மட்டும் என்ன? அது உள்ளே படுப்பவருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். மருந்து ஊட்டிய வலை அப்படியில்லை. வலைக்குள் இருப்பவரின் வாடைக்கு வரும் கொசு வலையைத் தொட்டுச் சாகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கென்யாவில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. வலை இல்லாத வீடுகளும், வலையுள்ள வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால், பாதுகாப்புப் பெற்றன என்று அதில் தெரிந்தது. வலை கட்டாத வீட்டுக்காரரும் வலை கட்டிய வீட்டுக்காரரின் தயவில் பிழைத்தார் என்று பொருள். வலை கட்டுபவர் குறையக் குறைய அந்தத் தயவும் குறையும்.

சாமி மேடையை விட்டுவிட்டு அடித்த மருந்து

நம் நாட்டில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தீபகற்ப மலேசியாவில் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. அடிப்பது அதன் முதுகெலும்பு. 1961இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2000ஆம் ஆண்டில் 13 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. மருந்தடித்தவர்களும் இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களும் தோட்டத்து மருத்துவமனை உதவியாளர்களும் சேர்ந்து செய்த சாதனை இது. நம் பாடநூல்களில் இவர்களுக்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

என் பாட்டி மலைக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பு பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்து மருந்தடிப்பைப் பற்றிக் கேட்டேன். "மருந்துக்காரவங்க வந்தா பானை சட்டியெல்லாம் வெளிய எடுத்து வைக்கணும். சுவரெல்லாம் வெள்ளையா பூத்துப் போகும். சாமி மேடை இருக்கிற சுவர மட்டும் விட்டுடுங்கன்னு சொல்லிடுவோம்" என்றார். "அவங்க விட்டுட்டாங்களா பாட்டி?" என்றேன். "சாமி விஷயமாச்சே, விட்டுடுவாங்க" என்றார். கொசுவும் அந்தச் சுவரில்தானே போய் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனாலும் பாட்டியின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் மக்களின் முறையீடுகளில் உண்மையும் இருந்தது.

டி.டி.டி. அடித்த பல ஊர்களில் மூட்டைப்பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. சாகாமல் எரிச்சலடைந்து முன்னைவிட அதிகமாகக் கடித்தன. இன்றைய சபாவில், அது வட போர்னியோ என்று அழைக்கப்பட்ட காலத்தில், மருந்தடித்த வீடுகளின் அத்தாப்புக் கூரைகளைப் புழுக்கள் தின்று பாழாக்கின. அப்புழுக்களைக் கட்டுப்படுத்தி வந்த குளவிகள் மருந்தால் செத்ததும், புழு பெருகியதும்தான் காரணம். கூரை இழந்தவன் மருந்துக்காரனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில் தவறென்ன?

தோட்டத்து மக்களின் அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அம்மாக்களும் அத்தைகளும் முதுகில் தோம்பு சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள். கை நகம் கருத்ததையும் கண் எரிந்ததையும் மூச்சுத் திணறியதையும் அனுபவத்தில் அறிந்தவர்கள். அவர்களிடம் போய் "இது பயமில்லாத மருந்து" என்று ஒரு சீருடைக்காரர் மலாயில் சொல்லிவிட்டுப் போனால் எப்படி நம்புவார்கள்? நம்ப வைப்பது யாருடைய பொறுப்பு?

பதில் இருக்கிறது, ஆனால் அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். டி.டி.டி. இங்கே 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்த டெல்டாமெத்ரின், ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் அளவே போதுமான மருந்து. டி.டி.டி.க்கு 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் வேண்டியிருந்தது. இதை எண்ணிப் பார்த்தால் அளவின் வேறுபாடு விளங்கும். உணவையும் தண்ணீரையும் பாத்திரங்களையும் வெளியே எடுக்க வேண்டும். பிள்ளைகளையும் நாய், பூனை, கோழிகளையும் வெளியேற்ற வேண்டும். மருந்து காயும்வரை, குறைந்தது இரண்டு மணி நேரமாவது, உள்ளே போகக் கூடாது. பின்பு தரையைப் பெருக்கிக் குப்பையைப் புதைக்க வேண்டும். சுவரைக் கழுவவோ புதிதாகச் சாயம் பூசவோ கூடாது. அடுத்த வாரம் தீபாவளி வருகிறது என்று சாயம் பூசிவிட்டால் மருந்து சாயத்துக்கு அடியில் புதைந்துவிடும்! சாமி மேடையின் படங்களை எடுத்து வைத்துவிட்டு அந்தச் சுவருக்கும் அடிக்கலாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதினேழு பேர் இருந்தபோது

"நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்களுக்கு இலங்கையின் கதையைச் சொல்ல வேண்டும். சுவர் மருந்தால் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ ஒழிந்தது. 1963ஆம் ஆண்டு அந்நாடு முழுவதும் கண்டறியப்பட்ட நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வெற்றி என்று கருதினார்கள். மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது; கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பதினேழு எங்கே, ஐந்து லட்சம் எங்கே! இழந்ததை மீட்க அவர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. கடைசி உள்ளூர் நோயாளி 2012இல் கண்டறியப்பட்டார். 2016 செப்டம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் ஒருவருக்குக்கூட ஏற்படவில்லை. வரலாற்றில் முதன்முறையாக நாம் எட்டிய நிலை இது. பெருமைப்படலாம். ஆனால் கொசு ஒழியவில்லை. ஒட்டுண்ணியின் பரவல்தான் அறுந்தது. அறுந்த கயிற்றை ஒரே ஒரு நோயாளி மீண்டும் முடிச்சுப் போட்டுவிட முடியும்.

இன்று நம் பக்கத்து வீடு எது?

நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் இப்போது கொழுந்தெடுக்கும் கைகளில் பெரும்பாலானவை வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். காய்கறித் தோட்டங்களிலும் அதே நிலைதான். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நம் கொள்ளுத்தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். சரிவுகளுக்கு அப்பால், காட்டோரத்தில், செமாய் இனப் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். நம் சுவர் காக்க வேண்டிய பக்கத்து வீடும், நம்மைக் காக்க வேண்டிய பக்கத்து வீடும் இவைதாம்.

வைவாக்ஸ் என்னும் வகை மலேரியா கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் தலைதூக்கக்கூடியது. நாட்டுக்குள் நுழையும்போது செய்யும் இரத்தப் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். சில மாதம் கழித்து அந்தத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் அவர் உடனே மருத்துவமனைக்குப் போவாரா? ஒரு நாள் கூலி போகும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். கையில் ஆவணம் இல்லை என்றால் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அவர் படுக்கும் இடம் தகரமும் பலகையும் நெகிழித் தாளும் கொண்டு கட்டிய கொங்சி என்றால், மருந்து அடிக்கச் சரியான சுவரே இல்லை. சுவரில்லாதவர்களுக்கு வலைதான் சுவர். அந்த வலையும் இல்லை என்றால்?

தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டது. கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி என்று முதலாளி தரவேண்டியவை வரையறுக்கப்பட்டுள்ளன. காட்டோரத்தில் அமைந்த குடியிருப்புகளுக்கு அந்த வரிசையில் மருந்து ஊட்டிய கொசுவலையையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மெத்தையை விட வலை மலிவு.

குரங்கிடமிருந்து வரும் காய்ச்சல்

வலையும் சுவரும் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். நம் நாட்டில் இன்று பரவும் மலேரியா நோலசி என்னும் குரங்கு மலேரியா. 1965இல் பகாங் காட்டில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளரிடம்தான், இது இயற்கையாக மனிதரைத் தொற்றும் என்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது. பின்பு 2004இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பல்பீர் சிங் குழுவினர், இது அரிதான ஒன்றல்ல என்பதை நிரூபித்தனர். நுண்ணோக்கியில் வேறொரு வகை மலேரியாவைப் போலவே தோன்றியதால் பல காலம் தவறாக அடையாளம் காணப்பட்டு வந்தது. 2008இல் இந்திரா வைத்திலிங்கம் தலைமையில் தீபகற்பத்தில் நடந்த ஆய்வு, கோல லிப்பிசில் இந்நோயைப் பரப்பும் கொசு அனாபிலிஸ் கிராசென்ஸ் என்று காட்டியது. கோல லிப்பிஸ் நமக்கு அந்நியமான ஊரல்ல, அண்டை மாவட்டம்.

2018இல் நாடு முழுவதும் 4,000 பேருக்கும் மேல் நோலசி தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கைச் சேர்ந்தவர்கள். இந்தக் கொசுக்கள் காட்டிலும் தோட்ட ஓரத்திலும் வீட்டுக்கு வெளியே கடிப்பவை. மாலை மங்கியதுமே, நாம் படுக்கைக்குப் போகும் முன்பே, வேலையைத் தொடங்கிவிடுபவை. வலை கட்டிலில் காத்திருக்கிறது. நாமோ ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறோம். குரங்குக்கு யார் மருந்து கொடுப்பது, காட்டுக்கு எந்தச் சுவரில் மருந்தடிப்பது?

இங்கே நமக்குக் காவல் இரண்டு. முதலாவது, முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும். இரண்டாவது, விரைவு. நோலசி ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. மூன்று நாள் தாமதம் என்பது மூன்று தலைமுறைப் பெருக்கம். காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். போனதும், "நான் காட்டோரம் போயிருந்தேன்" என்று நாமாகவே சொல்ல வேண்டும். டிங்கிதான் என்று நினைத்து மலேரியாவைச் சோதிக்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. நாம் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் நம் உயிரைக் காக்கும். எந்த ஓரத்தில் நோய் இருக்கிறது என்பதைச் சுகாதாரத் துறைக்குக் காட்டி, அடுத்த நாள் அங்கே வேலைக்குப் போகிறவரையும் காக்கும்.

இதில் தமிழ்மொழிக் கழகத்துக்கு என்ன வேலை?

"இது மருத்துவ மாணவர்களின் வேலை, மொழிக் கழகத்துக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்பு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். கெலாம்பு என்ற மலாய்ச் சொல்லையும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் அறிவியல் பாடத்தில் படித்தேன். கொசுவலை என்ற சொல் எனக்குப் பாட்டியிடமிருந்து வந்தது. சுகாதார நிலையத்தின் சுவரொட்டி மலாயில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் நான். அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர் பாட்டி. இடையில் இருக்கும் தூரத்தைக் கடப்பதற்குத்தான் மொழி வேண்டும். அந்தத் தூரத்தைக் கடக்க உதவாத தமிழ், மேடையில் எவ்வளவு முழங்கினாலும் பாதித் தமிழ்தான்.

ஆண்டுதோறும் நம் கழகத்தினர் தோட்டங்களுக்குச் சென்று பிள்ளைகளுக்கு வழிகாட்டி முகாம் நடத்துகிறோம். நல்ல பணி. அந்தப் பயணத்தில் ஒரே ஒரு தாளையும் எடுத்துச் செல்வோம். எளிய தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு. அதில் என்ன இருக்க வேண்டும்? வலையைப் புதிதாகப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விட வேண்டும். மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருக வேண்டும். துவைத்தால் மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஆற்றில் துவைக்கவே கூடாது, ஏனென்றால் அம்மருந்து மீன்களைக் கொல்லும். அந்த மீனை நம்பிச் செமாய் மக்கள் வாழ்கிறார்கள். ஓட்டை விழுந்தால் தைக்க வேண்டும். மூன்று ஆண்டு ஆனதும் புது வலை கேட்க வேண்டும். பழைய வலை இருக்கிறதே என்று கீரைப் பாத்திக்கு வேலி கட்டுவது, பழையது தேய்ந்து புதியது வந்த பிறகு இருக்கட்டும். மருந்தடிக்க வருபவர்களுக்கு எல்லா அறைகளையும் திறந்துவிட வேண்டும். காட்டோரம் போய் வந்தபின் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதே தாளை வங்காளத்திலும் நேப்பாளியிலும் செமாய் மொழியிலும் எழுதித் தரச் சொல்லி அந்தந்த மக்களிடமே கேட்போம். தமிழ்க் கழகம் பிற மொழியில் தாள் அச்சிடுவதா என்று யாரேனும் முகம் சுளித்தால், பக்கத்து வீட்டுச் சுவர்தான் நமக்குக் காவல் என்று அவர்களுக்கு விளக்குவோம். யாதும் ஊர் என்று பெருமை பேசும் நாம், பக்கத்துக் கொங்சியை மட்டும் ஊர்க்கணக்கில் சேர்க்காமல் விடலாமா?

தோட்டத்துச் சங்கங்களும் ஆலயச் செயலவையினரும் இதற்குத் துணை நிற்க வேண்டும். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் நாளில் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால், நூறு சுவரொட்டி செய்யாததை அது செய்யும். சுகாதாரத் துறையும் தன் பங்குக்கு, மருந்தடிக்க வரும் நாளை முன்கூட்டியே தமிழில் அறிவிக்கட்டும். வேலை நேரத்தில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு போவது நியாயமாகாது.

வருமுன் காப்பதே அறிவு என்பார்கள் பெரியோர். மலேரியாவைப் பொறுத்தவரை, அடுத்தவருக்கு வருமுன் காப்பதுதான் நமக்கு வருமுன் காப்பது. கதவைத் திறந்து வைப்போம். வலையை இறக்கிக் கட்டுவோம். நம் லயத்துக்கு அப்பால் படுத்திருப்பவருக்கும் ஒரு வலை இருக்கிறதா என்று கேட்போம். இதை இந்த விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பும்போதே தொடங்கலாமே!